நேரம் தீர்ந்த ஆட்டம்

அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை. ராசிபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. செஸ் ஆட ஆள் கிடைத்ததே எனக்குப் போதுமாயிருந்தது.

பள்ளியில் கற்றுக்கொண்டதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். மாதம் திரும்புவதற்குள் என்னை ஜெயிக்கத் தொடங்கிவிட்டாள். பிறகு போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடினாள். நாமகிரிப்பேட்டை மரவள்ளிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு என் அத்தை பிரேசில்காரனைத் தோற்கடித்தாள் என்று வகுப்பில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

அவளுடையது பயந்த ஆட்டம். ராஜாவைச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்து வைத்துக்கொண்டு, எதிராளி தப்புச் செய்யட்டும் என்று காத்திருப்பாள். ஒரு சிப்பாயை வெட்டக் கொடுக்கக்கூட மனசு வராது. ஜெயித்தால் போனில் ரேட்டிங் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். ஏறிய நாளில் எனக்குப் பணியாரம் கிடைக்கும். இறங்கிய நாளில் அவள் சடை பின்னினால் தலை வலிக்கும்.

திடீரென்று ஒருநாள் ஆட்டத்தை மாற்றினாள். குதிரையைக் கொடுத்துவிட்டு ராணியோடு எதிராளியின் கோட்டைக்குள் இறங்கினாள். முதலில் தோல்விக்கு மேல் தோல்வி. ரேட்டிங் பாதாளத்துக்குப் போனது. நான் பழையபடி ஆடச் சொல்லிக் கெஞ்சினேன். கேட்கவில்லை. அப்புறம் மெல்ல ஏறத் தொடங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆயிரத்து ஐந்நூறைத் தொட ஒரே ஆட்டம் பாக்கி.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் அவளுடைய மாமனார் காரில் வந்து இறங்கினார். அத்தை போனை என் கையில் கொடுத்தாள். "எதையும் தொட்டுடாத சாமி, இப்ப வந்தர்றேன்" என்று டீ போடப் போனாள்.

அவள் நகர்த்த வேண்டிய முறை. ராணியை நகர்த்தினால் முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. திரையில் அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்று போனை ஆட்டிக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. நடந்ததை மறந்துவிட்டு அத்தையைக் கையோடு அனுப்பி வைக்கும்படி மாமனார் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பேச்சு வந்தால் சமையலறைக்குள் போய்விடும் அத்தை, அன்று டீத்தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் வரலீங்க மாமா. இனி அந்த ஊட்டுக்கு வரமாட்டனுங்க. வேலைக்குப் போய்ப் பொழச்சுக்குவேன்."

நீங்களும் இதைத்தான் சொல்கிறீர்களா என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா தரையிலிருந்து தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார்.

"இதும் அவ ஊடு தானுங்க. இங்கயே இருக்கட்டும்."

டீயைக் குடிக்காமலே கார் கிளம்பிப் போயிற்று. அதற்குள் நேரம் தீர்ந்து, திரையில் தோல்வி என்று வந்துவிட்டது. நான் ஓவென்று அழுதேன். அத்தை போனை வாங்கிப் பார்த்தாள்; சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். போனைத் தொட்டாலே திட்டும் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குதிரை எப்படி நகரும் என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ரேட்டிங் இன்னமும் ஏறுகிறது, இறங்குகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஜெயிக்க இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டு வீடே சிரிக்கிறதே என்ற கோபத்தில், அத்தை ஊட்டிய சோற்றைக்கூட வாங்காமல் தூங்கிப்போனேன்.