ருசியருக்காக அழுத மாஸ்ரர்

வட்டக்கச்சியில் பரமலிங்கம் மாஸ்ரரைப் போல அழக்கூடிய ஆள் இன்னொருவர் இல்லை. செத்தவீட்டில் அழமாட்டார். அங்கே கதிரையில் நிமிர்ந்து இருந்து மற்றவர்களுக்குத் தேறுதல் சொல்லுவார். அவர் அழுவது மேடையில் மட்டும்தான், அதுவும் எப்போதோ பனிக்குளிரில் இருந்து தடித்தடியாக எழுதிவிட்டுச் செத்துப்போன ஒரு ருசிய நாட்டு நாவலாசிரியரைப் பற்றிப் பேசும்போது. பேச்சின் நடுவில் கண்ணாடியைக் கழற்றுவார், கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுப்பார். லேஞ்சி எந்த வரியில் வெளியே வரும் என்பது கிளிநொச்சி இலக்கியக்காரர்களுக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள்.

அவருடைய மனைவி கமலாட்சிக்கு அந்த லேஞ்சியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதைத் தோய்க்கிறவள் அவள்.

"யுத்தம் முழுவதும் அந்த ருசியரை என் தோளில் சுமந்தேன்" என்று மாஸ்ரர் மேடைக்கு மேடை சொல்லுவார். சுமந்தது கமலாட்சி. இடம்பெயர்ந்து இருந்த உடையார்கட்டில் இருந்தும் வெளிக்கிட்ட அன்று உழவு இயந்திரப் பெட்டியில் இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடம் இருந்தது. அவளுடைய தையல் மெசினா, மாஸ்ரரின் புத்தகப் பெட்டியா என்று வந்தது. சம்பளம் வராத மாதங்களில் அந்த மெசின்தான் உலை வைத்தது. ஆனால் மாஸ்ரர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், மெசின் வேலியோரம் நின்றது. கொஞ்சத் தூரத்தில் உழவு இயந்திரத்தையும் விடவேண்டி வந்தபோது, மூன்று தடித்த புத்தகங்களை அரிசிப் பையோடு சேர்த்துத் தலையில் வைத்து நடந்தவள் அவள்தான். மாஸ்ரருக்கு அன்று முதுகுப் பிடிப்பு.

மீளக் குடியேறிய பிறகு மாஸ்ரர் ஓய்வூதியமும் இரண்டு ஏக்கர் வயலுமாக இருந்தார். பின்னேரங்களில் குசினி வாசலில் கதிரையைப் போட்டு ருசியரைச் சத்தமாக வாசிப்பார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அந்தப் பழக்கம். உள்ளே தேங்காய் துருவுகிறவளுக்கு விளங்குமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சுவருக்கு வாசிப்பது போலத்தான் வாசித்தார்.

அவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வாய்க்கால் கதவு. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மேல் வயல்களுக்கு இத்தனை நாள், கடைசி வயல்களுக்கு இத்தனை நாள் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அந்தக் கணக்குப்படி கதவைத் திறந்து பூட்டுகிற வேலை பாலனுக்கு. ஒரு கால் செயற்கைக் கால். வேறு வேலைக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அவன் தூர இடம் போகவேண்டி வந்தால் கதவுப் பூட்டின் திறப்பை நம்பிக்கையான ஒரு வீட்டு ஆணியில் கொழுவிவிட்டுப் போவது வழக்கம். அந்த நம்பிக்கையான வீடு மாஸ்ரருடையது. மனச்சாட்சியைப் பற்றி அவ்வளவு பேசுகிற மனிதரை விட்டுவிட்டு வேறு எங்கே கொழுவுவது?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரே இரண்டு நாளுக்குத் திரண்டு போனது. பாலனும் கதவைக் கடைசி வயல்களின் பக்கம் திருப்பிப் பூட்டி, திறப்பை மாஸ்ரர் வீட்டு ஆணியில் கொழுவிவிட்டுப் போனான். கமலாட்சி முழங்கால் வருத்தத்தால் போகவில்லை. மாஸ்ரருக்குக் கோயில் என்றால் இளக்காரம். மத்தியானம் அவர் ஆணியில் இருந்து திறப்பை எடுத்துக்கொண்டு போனதை அவள் குசினி யன்னலால் கண்டாள். சேறு பிரண்ட சாரத்தோடு திரும்பி வந்தார். இரண்டு நாளும் தண்ணீர் அவருடைய வயல் பக்கம் ஓடியது. சனம் வந்து இறங்குவதற்குள் கதவு பழையபடி திரும்பிவிட்டது. கமலாட்சி சாரத்தைத் தோய்த்துக் காயப்போட்டாள்.

கடைசி வயல்கள் வெடித்துக் கிடந்தன. பாலன் யாரிடமோ எதையோ வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திருப்பிவிட்டான் என்று கதை எழும்பியது. அவன் ஓடிவந்து மாஸ்ரரிடம் கெஞ்சினான்.

"மாஸ்ரர், திறப்பு இஞ்சதானே தொங்கினது? ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"தொங்கினதுதான் தம்பி. ஆனால் நான் வாசிச்சுக்கொண்டு இருந்தனான். ஆர் வந்தது, ஆர் எடுத்தது எண்டு கவனிக்கேல்லை."

அவன் போனதும் கமலாட்சி வாசலுக்கு வந்தாள். "அந்தப் பெடியன்ர வேலை போகப்போகுது. போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"குற்றம் எண்டது ஒரு தனி மனுசன்ர விசயம் இல்லை, கமலாட்சி. அது மனித குலத்தின்ர துயரம். உமக்கு அது விளங்காது" என்று பக்கத்தைப் புரட்டினார் மாஸ்ரர். மனித குலம் அவருக்கு அப்படி வசதியாக இருந்தது. எதைச் செய்தாலும் அதன் தலையில் போடலாம்.

சனிக்கிழமை கிளிநொச்சியில் கூட்டம். அந்த ருசியர் உலக இலக்கியத்திலும் சிந்தனையிலும் விட்டுச்சென்ற செல்வாக்கு என்ற தலைப்பில் மாஸ்ரர் ஒரு மணித்தியாலம் பேசினார். அவரை வாசித்த பிறகு ஒருவனால் பழைய மனிதனாக இருக்க முடியாது என்றார். லேஞ்சி உரிய இடத்தில் வந்தது. பொன்னாடையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமக்காரர் கூட்டம், பாலனை நிறுத்துவதா என்று முடிவெடுக்க. மாஸ்ரருக்கு முன்வரிசைக் கதிரை. கமலாட்சி முழங்காலை இழுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தாள். தலைவர் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன் மாஸ்ரர் எழுந்துவிட்டார்.

"பாலன் பிழைவிட்டிருக்கலாம். ஆனால் மன்னிக்கிறவன்தான் மனுசன். நாங்கள் அவனை மன்னிப்பம்" என்றார். குரல் தழுதழுத்தது. கை லேஞ்சியைத் தேடிப் பொக்கற்றுக்குள் போனது.

சனம் உருகிப்போனது. "மாஸ்ரருக்காக மன்னிப்பம். ஆனால் திறப்பை இனி வேற ஆளிட்டைத்தான் குடுக்கவேணும்" என்றார் தலைவர். பாலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். செய்யாத பிழைக்கு மன்னிப்பும் வாங்கி, இருந்த வேலையையும் இழந்தவனுக்கு வேறு எங்கே பார்க்க இருக்கிறது? கமலாட்சிக்கு அருவருத்தது. இத்தனை வருடமும் இந்த மனிதருக்குச் சோறு போட்ட தன் கை மீதும் அருவருத்தது.

அவள் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"பொங்கலண்டு இவர் சேத்துச் சாரத்தோட வந்தவர். நான் அதைத் தோய்ச்சுப் போட்டு இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான். அது என்ர பிழை. நான் சொல்லிப்போட்டன். மிச்சத்தை அவர் சொல்லட்டும்."

மாஸ்ரர் திரும்பினார். "கமலாட்சி, உமக்கு என்ன விசரே?"

"விசர் இல்லை. பிழைவிட்டவன் சனத்துக்கு முன்னால நிண்டு தன்ர வாயால சொல்லவேணும் எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து நீங்கள் எனக்கு வாசிச்சுக் காட்டினனீங்கள். நான் தேங்காய் மட்டும் துருவேல்லை. கேட்டுக்கொண்டும் இருந்தனான்."

மாஸ்ரர் லேஞ்சியை எடுத்துக் கண்ணில் வைத்தார். கண் காய்ந்து கிடந்தது. யாரும் கைதட்டவில்லை. கடைசி வயல்காரர் எல்லாரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் திறந்தனான்" என்றார்.

மைக் இல்லாமலே கிளிநொச்சி மண்டபத்தை நிறைக்கிற அந்தக் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று கத்தினார்கள். பாலன் தலையை நிமிர்த்தியிருந்தான்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள் கமலாட்சி.