பக்கம் திருப்பாத பரீட்சை

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கள் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் வருவார்கள். பிள்ளைக்கு ஒரு பாடத்தைக் கேட்பார்கள். படிப்பு வந்ததா, வரவில்லையா என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கொற்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அப்பா ஒருவரே வாத்தியார். எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்குத் தக்கபடிதான் சர்க்கார் கொடுக்கும் கிராண்டுப் பணம் வரும். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் குறைந்தால் பள்ளியையே மூடிவிடுவார்கள்.

அந்த வருஷம் அப்பா பாடுபட்டதெல்லாம் அத்தை மகளுக்காக. சேரும்போது அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. விரலைப் பிடித்து மணலில் எழுதவைத்து, கொழும்பிலிருந்து மாமா போட்ட கடிதத்தை அவளே அத்தைக்கு வாசித்துக் காட்டும்படி ஆக்கிவிட்டார். அத்தை அழுத அழுகையில், ஏதோ துக்கச் செய்தி என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். என்னை அப்பா அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நானோ பிறர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே புத்தகம் முழுவதையும் உருப்போட்டு வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். சிங்கமும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடித்த கதை. மடமடவென்று சொன்னேன். பக்கத்தைத் திருப்ப மறந்துபோனேன். ஆனாலும் அடுத்த பக்கத்தையும் சொல்லி முடித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் "பேஷ்!" என்றார். அப்பா மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து அத்தை மகள். அதே கதை. எழுத்துக்கூட்டிப் பைய வாசித்து வந்தவள் பாதியில் நிமிர்ந்தாள்.

"ஐயா, சிங்கம் நிக்கும்போது மான் எப்படித் தண்ணி குடிக்கும்? ஓடிராதா?"

"கேள்வி கேட்பவன் நான். வாசி!"

மிரண்டுபோனாள் பாவம். அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

"ஐயா, அவ அர்த்தம் புரிஞ்சுல்லா வாசிக்கா! கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா. அப்பா யாரிடமும் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அர்த்தத்துக்கு இந்தத் தாளில் இடமில்லை, வாத்தியாரே. அடுத்த பிள்ளை!"

அந்த வருஷம் கிராண்டு குறைந்தது.

"நான் தேறிட்டேன்லா அப்பா?" என்று வீட்டில் கேட்டேன்.

"ஆமாலே, நீ தேறிட்டே" என்றார். அதை ஏன் அவ்வளவு கசப்பாகச் சொன்னாரோ, எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுவாரமே மணலில் எழுதுவது நின்றுபோனது. நான் முன்னால் நின்று உரக்கச் சொல்லவேண்டும்; மற்றவர்கள் திருப்பிச் சொல்லவேண்டும். எந்தச் சொல் வந்ததும் பக்கத்தைத் திருப்புவது என்றுகூட அப்பா பழக்கினார். அத்தை மகள் ஒருநாள் ஏதோ சந்தேகம் கேட்க வாயெடுத்தாள்.

"கேக்காதட்டி. சொல்லு, போதும்" என்றார்.

மறுவருஷம் ஒருவர் பாக்கியில்லாமல் தேறினோம். அவளும்தான். "இப்போதுதான் ஐயா நீர் வாத்தியார்!" என்று அப்பாவின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

அன்று அம்மா பாயசம் வைத்தாள். அப்பா தொடவே இல்லை. அவருக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டு, அவர் பங்கையும் நானே குடித்தேன்.