அத்தையின் சொந்தப் பெயர்

“ஏ புள்ள, நாலு எழுத்து படிச்சுட்டா ஆமி ஆஸ்பத்திரி ஒனக்குக் கதவத் தொறந்துருமா?” தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா தன் வாசலில் நின்று அப்படிக் கேட்டபோது, அத்தையின் மருத்துவ அறிக்கைகள் இருந்த உறையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவருடைய கணவர் இராணுவத்தில் லொறி சாரதி. பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். இறந்த வீரரின் மனைவிக்கு இராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டென்று எங்களில் யாருக்கும் தெரியாது. முகாமிலிருந்து வந்த சிங்களக் கடிதங்களை அத்தை அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். இதய வால்வு பழுதாகி, மலையேற முடியாமல் அவர் மூச்சுவாங்கத் தொடங்கிய பிறகே அவை என் கைக்கு வந்தன; சிகிச்சை உண்டென்ற விவரம் அவற்றில்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அவற்றை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

“ஏன் அத்தை மறைச்சீங்க?”

“பேரு கேப்பாங்களே, புள்ள.”

வேலைக்குரிய வயது வருமுன்பே கொழுந்து பறிக்கப் போனவர் அத்தை. குழந்தையிலேயே இறந்த அக்கா முத்தம்மாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் அவரைப் பதிந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் அது புதுமையில்லை. அடையாள அட்டையிலும் அவர் முத்தம்மாதான். மாமா மட்டும் பிடிவாதமாக, ராஜேஸ்வரி என்ற சொந்தப் பெயரில் விவாகப் பதிவு செய்திருந்தார்; இராணுவப் பதிவிலும் அதே பெயர்தான். வெளியே தெரிந்தால் வேலையும் லயத்து வீடும் போய்விடும் என்ற பயத்தில் அத்தை எதையும் கேட்கவில்லை. முத்தம்மாவாக அவர் பறித்த கொழுந்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

முத்தம்மாவும் ராஜேஸ்வரியும் ஒருவரே என்று சத்தியக் கடதாசியில், அதாவது உறுதிமொழிப் பத்திரத்தில், சொல்ல ஒரு சாட்சி வேண்டும். தெரிந்தே அந்தப் பெயரைப் பதிந்த கணக்கப்பிள்ளை ஐயாவைத் தேடிப் போனது அதற்காகத்தான்.

மறுநாள் காலையில் அவரே எங்கள் லயத்துக்கு வந்தார். “சின்னப் புள்ளய பெரிய புள்ளன்னு எழுதுனது இந்தக் கைதாம்மா. எங்க கையெழுத்து வைக்கணும், சொல்லு.”

அத்தை சிரித்துவிட்டார். “இத்தன வருசம் அக்கா பேருல வேல செஞ்சேங்க ஐயா. நோவு மட்டும் என் பேருக்கு வந்துருச்சு.”

கடுமையாகக் கேட்ட அந்த மனிதர் வைத்த கையெழுத்துக்கு நான் என்றும் நன்றியுள்ளவள். அத்தைக்கு மருத்துவ அட்டை சொந்தப் பெயரில் வந்தது.

நேற்று நானுஓயாவில் ரயிலேறி அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தேன். சத்திரசிகிச்சைக்கான படிவத்தில் என் உறவுமுறையைக் கேட்டிருந்தார்கள்.

“மகள்னு போட்டுரு. சட்டுன்னு முடியும்,” என்றார் அத்தை.

“இனிமே உள்ளதத்தான் எழுதுவோம், அத்தை.”

‘அண்ணன் மகள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.