நிலாவில் பட்டுத் திரும்பிய குரல்

இன்று சாயங்காலம் சின்னம்மாவை முதலமடையில் ஒரு மாந்தோப்புக்குக் கூட்டிப்போனேன்.

ஒரு பெண் கலைஞர் அங்கே பெரிய டிஷ் ஆன்டெனா வைத்திருக்கிறார். மைக்கில் பேசினால் நம் குரல் ரேடியோ அலையாகப் போய், நிலாவில் பட்டுத் திரும்பி வருமாம். அதுதான் அவருடைய கலை.

கிழக்கே நிலா ஏறியிருந்தது. நான் "ஹலோ" என்றேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஸ்பீக்கரில் யாரோ "ஹலோ" என்றார்கள். அது என் குரல் மாதிரியே இல்லை.

சித்தப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. சின்னம்மா மைக்கை வாங்கி மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

மறுபடி இரைச்சல். அப்புறம் கரகரவென்று, ஆண்குரல் போல வந்தது.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

திடுக்கிட்ட சின்னம்மா, "சாப்ட்டனுங்க" என்று பதில் சொல்லிவிட்டார்.

அதுவும் திரும்பி வந்தது. "சாப்ட்டனுங்க."

மைக்கைக் கீழே வைத்தார்.

"போலாம் கண்ணு. உங்க சித்தப்பா சாப்ட்டாராமா."

வீடு வரும்வரை நான் நிலாவைப் பார்க்கவேயில்லை.

சித்தப்பா உயிரோடிருந்தவரை சின்னம்மாவிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களில் யாராவது வந்து சொல்கிறீர்களா?