கசிவு அக்கா வீட்டுக் கசிவு

காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பிறர் வீட்டுச் சேதங்களை நேரில் பார்த்து மதிப்பிடுவதுதான் அவள் வேலை. சுவரில் ஈரம் பூத்திருந்தால் போதும். தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, எந்தக் குழாய் எத்தனை காலமாக அழுகிறது என்று சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கசிவு அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

"திடீர்னு குழாய் வெடிச்சா பாலிசியில உண்டு. கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா கிடையாதுங்க" என்பாள். கேட்டவர் முகம் தொங்கிப்போகும். அவள் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீட்டு வயலின் வாத்தியார் அவள் கதவைத் தட்டினார். தோளில் ஈரத் துண்டு.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க குளியலறைத் தண்ணி எங்க கூடத்துல சொட்டுது. நான் வாசிக்கும்போது தாளம் போடுது. அதையும் தப்பா போடுது."

கீழே போய்ப் பார்த்தாள். கூரைப் பூச்சு பழுப்பேறி, வயிறு உப்பித் தொங்கியது. நேற்று இன்று வந்த ஈரமில்லை அது, வருஷக்கணக்கானது. ஊரெல்லாம் மோந்து பார்த்த மூக்கு சொந்த வீட்டில் அசந்து தூங்கியிருக்கிறதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நேத்து ராத்திரி குழாய் வெடிச்சுதுன்னு எழுதிடேன். உங்க ஆபீஸ்தானே" என்றான் கணவன்.

"வர்ற ஆளு பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவான். எப்படிக் கண்டுபிடிக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

உள்ளது உள்ளபடியே எழுதிக் கொடுத்தாள். பார்வையிட வந்த சக ஊழியன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா... கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா..."

"கிடையாதுங்க. தெரியும்டா. எழுதிட்டு, காபி குடிச்சிட்டுப் போ."

அவன் போனதும் அவளுக்கு அழுகை முட்டியது. அன்று முழுக்க, தான் 'கிடையாது' சொன்ன வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. மறுநாள் ஆள் வைத்துக் குளியலறையின் ஒரு மூலையைப் பெயர்த்தாள். டைல்ஸுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சே இல்லை. தரை வாட்டமும் வடிகுழியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து இறங்கியது.

கட்டிக் கொடுத்தவரைப் போனில் பிடித்தாள்.

"சாவி கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு மேடம்! நீங்க ரொம்பத் தண்ணி ஊத்திக் குளிக்கிறீங்க போல."

"குளியலறையில வேற எதைங்க ஊத்துறது?"

அவர் போனை வைத்துவிட்டார். இவள் விடுவதாக இல்லை. மாடி மாடியாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் இதே கூத்து; ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு மட்டும் வந்த தலைவிதி என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வாத்தியாரும் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு இழுத்தது. கடைசியில் நீதிமன்றம் ஒரு பொறியாளரை அனுப்பியது. கட்டியவரும் தன் மேஸ்திரியோடு வந்து நின்றார். பொறியாளர் இவள் குளியலறைக்குள் போனார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் வடிகுழியைச் சுற்றிக்கொண்டு, நேராகப் போய்ச் சுவரோரம் நின்றது. கட்டியவரின் மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாய்தாவுக்குள், எல்லாக் குளியலறைகளையும் தன் செலவில் பெயர்த்துப் போடவும், கீழ்வீட்டுக் கூரையைப் பூசித் தரவும் கட்டியவர் ஒப்புக்கொண்டார்.

முதலில் இவள் வீட்டில்தான் வேலை நடந்தது. அந்த நாட்களில் குளிக்க எங்கே போவது?

"நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்றார் வாத்தியார்.

காலையில் துண்டும் சோப்புமாகக் குடும்பமே கீழே இறங்கியது. குளிக்கும்போது பாடுவது கணவன் வழக்கம். கூடத்தில் வயலின் பழகும் பிள்ளைகள் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"சார், சுதி!" என்று வெளியிலிருந்து வாத்தியார் குரல் கொடுப்பார்.

"சோப்பு கண்ணுல போயிடுச்சு சார்!" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மேலும் கீழுமாக இத்தனை வருஷம் இருந்தும், அதுவரை அந்த வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.