சந்தேகப்படுகிறவன் கல் வைக்கலாம்

இன்றைக்குக் காலையில் மாங்காய் மண்டிக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். உடைந்த தள்ளுவண்டி, தகரம், ஒரு ஃபேன். அதோடு ஷெட் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெரிய தராசையும் கழற்றச் சொன்னார் முதலாளி. நான்தான் ஏணியில் ஏறினேன். சங்கிலியில் கை வைத்ததும் துரு வாசனையோடு மாங்காய்ப் பால் வாசனையும் வந்தது. இத்தனை வருஷம் கழித்து. ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

கீழே பிடித்துக்கொண்டிருந்தவன், "இன்னாண்ணா, தல சுத்துதா?" என்றான்.

இல்லை என்றேன். கழற்றாமல் இறங்கினேன். முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். என் மாமா மகன். திருப்பதியில் அலிபிரிப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறான்.

"காட்டாவ எடுத்துனு போறாங்க மச்சான்."

"வண்டிக்காரன நிக்க சொல்லு, வந்துகினே இருக்கறேன்" என்றான்.

காட்டா என்றால் எங்கள் ஊரில் தராசு. பழைய இரும்புக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். திருப்பதியிலிருந்து சித்தூருக்கு முனிரத்தினம் வந்து சேர நேரமாகும். அதற்குள் உங்களுக்கு இதைச் சொல்லிவிடலாம்.

மாங்காய்ப் பால் தெரியுமா உங்களுக்கு? கிளிமூக்கு மாங்காயைக் காம்பு ஒடித்தால் பீய்ச்சி அடிக்கும். பட்ட இடம் வெந்து கறுத்துவிடும். சீசனில் கூடை தூக்கிய எங்கள் எல்லோருக்கும் கழுத்திலும் கன்னத்திலும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு இருக்கும். வெளியூருக்குக் கபடி ஆடப் போனால் எங்களைப் பார்த்துப் பயப்படுவார்கள். அடிதடியில் வாங்கியது என்று நினைப்பார்கள். நாங்களும் ஆமாம் என்று மீசையைத் தடவிக்கொள்வோம். எனக்கு அப்போது மீசை இல்லை. இருந்தாலும் தடவுவேன்.

பாதி உண்மைதான். அடிதடி இல்லாமல் நாங்கள் ஆடிய ஆட்டம் குறைவு. கோடு தொட்டானா இல்லையா என்று ஆரம்பிக்கும். ஒருவன் சட்டையைப் பிடிப்பான். அப்புறம் எவன் எந்த ஊர் என்றே தெரியாது. வரதய்யபாளையத்தில் ஒரு பந்தயத்தில் நடுவரின் விசிலைப் பிடுங்கி அவர் வாய்க்குள்ளேயே திணித்தார்கள். எங்கள் பையன் ஒருவனுக்குக் காது பாதி கிழிந்து தொங்கியது. துண்டால் கட்டிக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடினான். ஜெயித்தோம் என்பதற்காகத் திரும்பி வருகிற பஸ்ஸில் கல் அடித்தார்கள். தோற்றிருந்தால் எங்கள் ஊரிலேயே அடித்திருப்பார்கள்.

ஆனால் எடைக்காக மட்டும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

நாங்கள் ஆடியது அறுபத்தைந்து கிலோ கபடி. அதற்கு மேல் ஒருவன் இருந்தால் ஆட முடியாது. எடை போடுவது இந்த மண்டியில்தான், இந்தத் தராசில்தான். மாங்காய்க் கூடை வைக்கிற தட்டில் ஆள் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மறு தட்டில் இரும்புக் கல். சுற்றி எல்லா ஊர்க்காரனும் நிற்பான். ஒருவனுக்குச் சந்தேகம் என்றால் வாயால் சொல்லக் கூடாது. முன்னால் வந்து கல்லை எல்லாம் இறக்கிவிட்டு அவன் கையாலேயே மறுபடி வைக்க வேண்டும். சந்தேகப்படுகிறவன்தான் கல் வைக்கணும். இதுதான் வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தன் கையால் வைத்துப் பார்த்தவன் அப்புறம் என்ன பேசுவான்? வாயை மூடிக்கொண்டு போவான். என்னைத் தட்டில் ஏற்றும்போது மட்டும் யாரும் சந்தேகப்பட்டதில்லை. "கூடையே இதவிட கனம்டா" என்பார்கள்.

இன்னொரு விஷயம். அந்தத் தராசு பொய்த் தராசு. மாங்காய்த் தட்டுப் பக்கம் தண்டு கொஞ்சம் குட்டை. விவசாயியின் சரக்கு எப்போதும் குறைவாகத்தான் காட்டும். எங்கள் உடம்பும் அப்படியே. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பொய். அதனால் ஒருவனும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முனிரத்தினம் எங்கள் ரைடர். பாடிக்கொண்டு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். ஒரு தடவை நான்கு பேர் அவன் மேல் விழுந்து அழுத்தியபோது, அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மூக்கால் கோட்டைத் தொட்டான். மூக்கு உடைந்தது. பாயிண்ட் வந்தது. ஸ்டேட் டீமில் ஒரு தடவை ஆடிவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைக்கும். அவனுக்கு வயது தாண்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான். மாமா வீட்டில் காக்கிச் சட்டைக்குத் துணிகூடப் பார்த்து வைத்திருந்தார்கள். காக்கியில் எந்தக் காக்கி என்று வீட்டில் சண்டை வேறு.

அந்த வருஷம்தான் கபடிச் சங்கத்துச் செக்ரட்டரி ஜெயபால் எடை மிஷின் வாங்கினார். அவரும் பழைய ஆட்டக்காரர்தான். என் நைனாவோடு ஆடியவர். சங்கக் கூட்டம் மைதானத்தில் நடந்தது. இனிமேல் மண்டியில் எடை இல்லை, செலக்‌ஷன் அன்றைக்குத் திருப்பதியில், ரூமுக்குள், ஒவ்வொரு ஆளாக என்று சொன்னார்.

"ஏன் ரூமுக்குள்ள?" என்றான் முனிரத்தினம்.

"பசங்க ஜட்டியோட நிக்கணும்டா. மார்க்கெட்ல வெச்சி மானத்த வாங்கறதா?"

"ஆடறப்போ மட்டும் கோட்டு சூட்டாண்ணா போட்டுனு ஆடறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாலும் சிரித்தார். முனிரத்தினம் சிரிக்கவில்லை. "எட போடறப்போ யாரு பாப்பாங்க?" என்றான்.

"நான் பாப்பேன்."

"உங்கள யாரு பாப்பாங்க?"

சிரிப்பு நின்றது. ஜெயபாலின் மச்சான் மகன் லோகேஷ் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். அவனும் ரைடர். டீமில் ரைடர் இடம் ஒன்றுதான் மிச்சம். எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு நாற்காலி பறந்தது. யார் எறிந்தது என்று இன்று வரை ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி. அது உடைந்தால் கால் கத்தி மாதிரி ஆகிவிடும். மூன்று பேருக்குத் தையல். தீர்மானம் நிறைவேறியது என்று ஜெயபால் ஓடிக்கொண்டே சொன்னார்.

செலக்‌ஷன் நாள் வந்தது. காலையில் முனிரத்தினம் மண்டியில் ஒரு தடவை தட்டில் உட்கார்ந்து பார்த்தான். நான் கல் வைத்தேன். முள் நடுவில் நின்றது. சரியாக அறுபத்தைந்து. அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்படியும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டே வந்தான். எச்சில் துப்பினால் எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை. பின் சீட்டுப் பெண்மணி திருப்பதி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தப் பொய்த் தராசின் கணக்கை வைத்துக்கொண்டு உண்மை மிஷினில் ஏறப் போகிறோம் என்று எங்கள் ஒருவனுக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தராசு. எங்களுக்கு அறுபத்தைந்து என்றால் அதில் முள் நிற்கிற இடம்தான்.

அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம். வெளியே மலை ஏறுகிற ஜனங்கள் மூட்டையோடு கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவனாக உள்ளே போனான். கதவு மூடியது. திறந்தது. லோகேஷ் போனான், சிரித்துக்கொண்டு வந்தான். முனிரத்தினம் போனான். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது.

"ஓவர்ன்றாங்க."

"மிஷின்ல நம்பர பாத்தியா?"

"அவரு குனிஞ்சி பாத்தாரு. எனக்கு அவரு முதுகுதான் தெரிஞ்சிது."

கதவை மறுபடி உள்ளே தாழ் போட்டார்கள். முனிரத்தினம் தட்டினான். முதலில் மரியாதையாகத்தான் தட்டினான்.

"அண்ணா, மிஷின வெளிய வெச்சி எல்லாரயும் ஏத்துங்க. லோகேசயும் ஏத்துங்க. நான் ஓவர்னா எல்லார் கால்லயும் உயுந்துட்டு போயிடறேன்."

"ஒரேய், பயட்டிகி போரா!" என்று ஜெயபால் உள்ளேயிருந்து தெலுங்கில் கத்தினார். வெளியே போ என்கிறார். நாங்கள் வெளியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அப்புறம் தோளால் இடித்தோம். பழைய கதவு. பிளந்துகொண்டு விழுந்தது. உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள். நான் முதலில் கண்ணில் பட்டவன் காலைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், கால் பிடி. அவன் மறு காலால் என் வாயில் மிதித்தான். இப்போது நான் சிரித்தால் ஒரு சந்து தெரிகிறதே, அது அன்றைக்கு வந்தது. பல்லைத் துப்பிவிட்டு அவன் கெண்டைக்காலைக் கடித்தேன். மீதி இருந்த பல் நன்றாகவே வேலை செய்தது. ஒருவன் ஜன்னல் கண்ணாடியில் போய் விழுந்தான். தரை வழுக்கியது. ரத்தமா, கவிழ்ந்த தண்ணீர்ப் பானையா என்று பார்க்க நேரமில்லை.

முனிரத்தினம் ஒருவனையும் அடிக்கவில்லை. அவன் பார்வை மிஷின் மேலேயே இருந்தது. ரைடு போகிற மாதிரி வளைந்து வளைந்து போனான். லோகேஷ் மிஷினை மார்போடு கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். முனிரத்தினம் அதைப் பிடித்துவிட்டான். வெளியே இழுத்து எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அப்போது பிளந்த கதவின் கட்டையை ஒருவன் ஓங்கினான். மிஷினை விட்டிருந்தால் கை தப்பியிருக்கும். விடவில்லை. மணிக்கட்டில் விழுந்தது. கரும்பு ஒடிகிற சத்தம். எனக்கு இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது.

மிஷின் கீழே விழுந்தது. எத்தனை கால் மிதித்ததோ. எல்லோரும் ஓய்ந்த பிறகு பார்த்தால் தட்டு நொறுங்கி, மூலையில் கிடந்தது. அதன் கண்ணாடியில் மட்டும் சிவப்பாக ஏதோ ஒரு நம்பர் எரிந்துகொண்டிருந்தது. மேலே யாருமே இல்லை. வாசலில் மொட்டை போட்ட பக்தர்கள் குழந்தையோடு நின்று எட்டிப் பார்த்தார்கள்.

போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் எதிரும் புதிருமாக உட்கார வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் முனிரத்தினத்தின் கையைத் துணியால் கட்டிவிட்டார். முனிரத்தினம் அவர் காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயபாலுக்குப் புருவம் கிழிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, "உங்க நைனா மொகத்துக்காக கேசு குடுக்காம வுடறேன்" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "அவன் நெஜமாவே ஓவர்டா" என்றார்.

இருக்கலாம். பொய்த் தராசில் அறுபத்தைந்து என்றால் உண்மையில் கூடத்தான் இருந்திருக்கும். லோகேஷும் கூட இருந்தானா? அது தெரியாது. ஜெயபால் நிஜம் சொல்லியிருந்தாலும் கதவை மூடிக்கொண்டு சொன்னார். மிஷின் உடைந்ததோடு கேட்க வழியும் போயிற்று.

கை கோணலாகக் கூடியது. அதோடு கபடியும் காக்கியும் முடிந்தன. சங்கம் இரண்டானது. இரண்டும் ஒன்றை ஒன்று போலி என்றது. ஆட ஆள் இல்லாமல் இரண்டும் போயின. மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம். மண்டியிலும் மிஷின்தான். நம்பர் சிவப்பாக எரிகிறது. விவசாயி பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிறான். சந்தேகம் இருந்தாலும் எதன் மேல் கை வைப்பான்?

ஆட்டோ வந்துவிட்டது.

முனிரத்தினம் இறங்கினான். தொப்பை முன்னால் வந்தது. நேராகப் போய் மாங்காய்த் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தட்டு தரையில் இடித்தது. மறு தட்டு உத்தரத்துக்கு எகிறி ஆடியது.

"இன்னா துன்ற மச்சான் நீ?" என்றேன்.

அவன் கோணல் கையைத் தூக்கி, மண்டியைப் பார்த்துப் பழைய குரலில் கத்தினான்.

"எவனுக்குடா சந்தேகம்? வந்து கல்லு வைங்கடா!"

கூடை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வடக்கேயிருந்து வந்த பையன்கள். பாஷை தெரியாது. கல்லெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மறு தட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அது ஆடி நிற்கிற வரை அவன் உட்கார்ந்திருந்தான்.

இரும்புக்காரன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அய்ப்போயிந்தா அண்ணா?" என்றான். ஆச்சா என்று கேட்கிறான்.

"ஆச்சி, எடுத்துக்கோ" என்று முனிரத்தினம் எழுந்தான். நான் ஏணியை எடுத்து வந்தேன்.