ஊமை மருமகன்

ஒரு பெண்ணின் வீடு பறிபோகவும் அவள் சிறைக்குப் போகவும் நான் சொன்ன ஒரு பொய்யே காரணம். அவள் என்னை "சயா" என்று கூப்பிடுவாள். பர்மிய மொழியில் வாத்தியார் என்று பொருள். ஒரு வாத்தியார் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் நம்பினாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரங்கூனில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். அங்கேயே லான்மடா பகுதியில் வீடு. கோடை விடுமுறையில் ஒருநாள் எங்கள் தெருத் தேநீர்க் கடையில் தோளில் பையுடன் ஒரு வாலிபன் வந்து உட்கார்ந்தான். கறுத்த, ஒடிசலான, நம் வீட்டுப் பிள்ளை போன்ற முகம். கடைக்காரர் பர்மிய மொழியில் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். இரண்டுக்கும் அவன் சிரித்தான். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். கரீபியன் கடலில் ஒரு சிறிய பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்தவனாம். அவனுடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கென்று காரைக்காலில் கப்பலேறியவர்கள். அவன் ஊர் மாரியம்மன் கோயிலில் இன்றும் தமிழ்ப் பாட்டைப் பொருள் தெரியாமல் பாடுகிறார்களாம். வழிகாட்டி யாரும் இல்லாமல் தனியாக நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இந்த நாட்டில் இந்த நாட்டு மக்கள் போகிற கடற்கரைக்குப் போக வேண்டும் என்றான். வெளிநாட்டுக்காரர்கள் அவர்களுக்கென்று அனுமதி பெற்ற விடுதிகளில்தான் தங்கலாம். மேற்குக் கரையில் நான் வழக்கமாகப் போகும் சிற்றூரில் அப்படிப்பட்ட விடுதி இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தங்கை மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அடையாளக் கார்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. படம் மங்கியிருந்தது. மங்காவிட்டாலும் பரவாயில்லை, அதிகாரிகளுக்கு நம் முகமெல்லாம் ஒரே முகம். தமிழ் தெரியாத தமிழன் ரங்கூனில் ஆயிரம் பேர் உண்டு. பர்மிய மொழி தெரியாதவன் மட்டும்தான் கிடையாது. எனவே அவன் ஊமையாக வேண்டும்.

அவன் பயந்தான். நான்தான் வற்புறுத்தினேன். அரசாங்கத்தை ஏமாற்றப் போகிற பெருமை எனக்கு.

பர்மியர்களைப் போல லோங்கிக் கைலி கட்டி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி அவனைப் பேருந்தில் ஏற்றினேன். வழியில் ஒரு பாலத்துச் சோதனைச் சாவடியில் காவலர் கார்டைப் புரட்டினார்.

"ஏன் பேச மாட்டேங்கிறான்?"

"பிறவி ஊமைங்க."

"அப்ப நல்ல பிள்ளை. வாயாடுற கலாதான் தொல்லை" என்று சிரித்துக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். கலா என்பது எங்களை அவர்கள் இளக்காரமாக அழைக்கும் பெயர்.

அந்த ஊரில் யாருக்கும் அவசரம் இல்லை. ஓலைக்குடைகளின் கீழ் ஆட்கள் அரைத்தூக்கத்தில் கிடப்பார்கள். லாரி டயரின் உள்குழாயை வாடகைக்கு எடுத்து அலையில் மிதக்கலாம். நண்டு சுடும் புகை நாள் முழுவதும் கரையோடு படுத்திருக்கும். தன் ஊரும் இப்படித்தான் என்று அவன் என் காதில் கிசுகிசுத்தான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு நான் திரும்பிப் பார்க்காத நேரமே இல்லை.

நாங்கள் தங்கிய விடுதி மூன்று அறைகளுள்ள மரவீடு. அதை நடத்தியவள் தமிழ்த் தகப்பனுக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அந்த வீடு மட்டுமே மிச்சம். தினமும் அந்தி சாய்வதற்குள் வீட்டில் தங்குபவர்களின் பெயர்களை லூஜீயிடம், அதாவது ஊர்ப் பெரியவரிடம், அவள் நேரில் போய்ச் சொல்லிவர வேண்டும். தவறினால் உரிமம் போய்விடும்.

முதல் நாளே என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"சயா, உங்க மருமவன் ஊமைன்னா காதும் கேக்காதே. ரேடியோ பாட்டுக்குத் தாளம் போடுறான்?"

"காது கேக்கும், தங்கச்சி. பேச்சு மட்டும் வராது."

"பொய்யின்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிடுவேன், அவ்ளோதான். இந்த வீடு போச்சின்னா எனக்குக் கடல்தான்."

"சத்தியமா என் தங்கச்சி மகன்" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு லூஜீ வீட்டுக்கு நடந்தாள். முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் நான் டயர்க் குழாயில் படுத்துக் கண்ணை மூடியிருந்தேன். கழிமுகத்திலிருந்து வடிந்த நீர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனதை நான் உணரவில்லை. கண் திறந்தபோது கரை ஒரு கோடாகத் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அந்த நேரத்தில் கரையில் ஒரு குரல் எழுந்தது. அவன் அங்குமிங்கும் ஓடி, ஆங்கிலத்திலும் தன் ஊர்ப் பிரெஞ்சிலும், படகு, படகு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

படகு வந்தது. என்னை மணலில் இறக்கினார்கள். லூஜீ ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

"நல்ல கடல் இது, சயா. ஊமைகூட இங்கிலீஷ் பேசுறான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விடுதிக்காரி எனக்காக உலர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். லூஜீ அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரிக்கு இது தெரியுமா?"

எனக்கு அரசு வேலை. ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே பாக்கி.

"தெரியும். ஏதாவது கார்டு கொண்டாந்தா போதும், நான் பாத்துக்கறேன்னு அவங்கதான் சொன்னாங்க."

அவள் துண்டை என்னிடம் நீட்டினாள். கை தன்பாட்டில் நீண்டது போலிருந்தது. நான் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

அவனை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். ஜீப்பில் ஏறும்போதும் அவன் என் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றுதான் கேட்டான். உண்மையைச் சொன்னவர் என்று என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு முத்திரை வைத்தார்கள். அவள் பல மாதம் சிறையில் இருந்தாள். என் மருமகன் திரும்பி வந்து புதுக் கார்டுக்காக அலைந்தான். பழையது எப்படித் தொலைந்தது என்று அவனிடமும் நான் சொல்லவில்லை.

ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மனசாட்சி வந்தது. விசாரித்ததில் அவள் ரங்கூனிலேயே அலோனில், படகுத்துறைப் பக்கம், ஓர் உறவினர் வீட்டில் இருந்துகொண்டு மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா சேமியா விற்பதாகத் தெரிந்தது. முதலில் அவளிடம் போயிருக்க வேண்டும். நற்செய்தியோடு போகலாம் என்று நினைத்தேன். அந்தக் கடற்கரை ஊருக்குப் போய், அவளுக்கு ஒன்றும் தெரியாது, பொய் சொன்னது நான் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படியும் கேட்டேன். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க, சயா?"

அலோன் என்று சொன்னேன். தெருவையும் சொன்னேன்.

சில வாரம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனபோது கடை இருந்த இடத்தில் அடுப்புக் கரி மட்டும் இருந்தது. உறவுக்காரப் பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதானா அந்த சயா? செயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சா எந்த வார்டுலயும் சேக்க மாட்டாங்கன்னு வார்டு ஆபீசுல அவ பேரப் பதியாமலே வீட்டுல வச்சிருந்தோம். போலீஸ் வந்து பேரச் சொல்லிக் கேட்டான். இப்ப எங்களுக்கும் கேஸு. அவ விடியறதுக்குள்ள போயிட்டா."

வீடு திரும்பக் கிடைக்கவில்லை. இருந்த இடமும் போயிற்று.

மேலும் ஓராண்டு தேடினேன். ஒரு சந்தையில் அவளைக் கண்டேன். எந்த ஊர்ச் சந்தை என்று சொல்ல மாட்டேன். தலை நரைத்திருந்தது. நான் எதிரே போய் நின்றதும் அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள், ஒருகாலத்தில் நான் அந்தக் கரையில் பார்த்தது போல. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கை காட்டி நிறுத்தினாள்.

"சத்தமாப் பேசாதீங்க. இங்க எனக்கு வேற பேரு."

"நான் என்ன செய்யணும், தங்கச்சி?"

"ஒண்ணும் செய்யாதீங்க, சயா. எங்கயும் என்னப் பத்திச் சொல்லாதீங்க."

பக்கத்துக் கடைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழி கேட்டவன் போலத் தலையாட்டிவிட்டு நடந்தேன்.